அந்த ஒன்றரை வரி

கேள்வி: எனக்கு 38 வயது. ஓவியம் படித்தவன். காடாத் துணியில் கறுப்பு மையை ஊற்றி, மடித்து அழுத்திப் பிரித்து அரூப ஓவியங்கள் செய்கிறேன். பள்ளி ஆசிரியையான மனைவியின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் என் கலை புரியவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள்கூட ஒரு படத்தைப் பார்த்து, "இரண்டு ஆடு முட்டிக்கொள்கிறது" என்றாள். இனி இந்த அறைக்குள் வராதே என்று அனுப்பிவிட்டேன். வெளியூரில் தனியாக அறை எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் மகள் வருவது ஒன்றரை வரிதான். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று, உற்றுப் பார்த்து, கண்டதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவள். அவளை விரட்டிவிட்டு, பார்க்க ஆளில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

அவளுக்கு ஆடு தெரிந்ததில் என்ன குற்றம்? நடுவில் மடித்த துணியில் இடமும் வலமும் ஒன்றுபோலப் பதியும். எதிரெதிரே நிற்கும் இரண்டு உயிர்களை அதில் கண் தானாகத் தேடும். ஜெர்மனியில் யூஸ்டினுஸ் கெர்னர் என்று ஒரு மருத்துவர், கவிஞரும்கூட. முதுமையில் பார்வை மங்கி, எழுதும் தாளில் மையைச் சொட்டிவிடுவார். அந்தத் தாளை மடித்துப் பிரித்து, தெரிந்த உருவங்களைத் தீட்டி, அவற்றுக்குப் பாட்டும் எழுதினார். அவர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 1890இல் அவை நூலாக வந்தன. சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ரோர்ஷாக்கும் ஓர் ஓவிய ஆசிரியரின் மகன். பள்ளித் தோழர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே மைக்கறையைக் குறிப்பதுதான். மனநல மருத்துவரான பிறகு, 1921இல், மனதை ஆராயும் சோதனைக்காக 10 மைக்கறை அட்டைகளை வெளியிட்டார். அட்டையைக் கையில் கொடுத்து அவர் கேட்டது, "இது என்னவாக இருக்கலாம்?" என்றுதான். பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்க உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

அரூபம் என்றால் உருவம் தெரியக் கூடாது என்பீர்கள். மை ஊறும் போக்கைத் துணியிடம் விட்டுவிடுகிற நீங்கள், பார்க்கிறவர் மனம் ஓடும் போக்கை மட்டும் ஏன் அடைக்கிறீர்கள்?

தனி அறை வேண்டாம். அதன் வாடகையும் உங்கள் மனைவி தலையில்தானே விழும்? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து, சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பாத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணிகள் செய்து விற்றுத்தான் நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். அதனால் அவர்கள் ஓவியம் கெட்டுவிடவில்லை. நீங்களும் ஒரு வேலை தேடுங்கள். வாரத்தில் நான்கு நாள் ஓவிய வகுப்பு எடுத்தால்கூடப் போதும். வீட்டுச் செலவில் பாதியைச் சுமப்பது கணவனின் கடமை. கலைஞன் என்பதால் அதிலிருந்து யாருக்கும் விலக்குக் கிடையாது.

அதற்கு முன்பு, இன்று மாலை அவள் பள்ளியிலிருந்து வந்ததும் கூப்பிடுங்கள். மை பட்டால் போகாது, பழைய பாவாடை ஒன்றைக் கட்டிவிடுங்கள். துணியின் ஒரு முனையை அவள் பிடிக்கட்டும், மறுமுனையை நீங்கள் பிடித்து மடியுங்கள். பிரித்ததும் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் திருத்தாதீர்கள். "வராதே என்றாயே அப்பா" என்று அவள் வாசலிலேயே நின்றுவிட்டால், துணியையும் மைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு நீங்கள் கூடத்துக்கு வாருங்கள்.