காரீயத்தில் கலை வேலை: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் பழைய ஈயச்சொம்பு கிடக்கிறது. அதை உருக்கிச் சிற்பம் வார்க்கலாமா சார்?

பதில்: அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். சிற்பிகள் ஈயம் என்பது காரீயத்தை. 327 டிகிரியில் உருகும், அதே அளவு வெள்ளீயத்தைப் போல ஒன்றரை மடங்கு கனக்கும். விலையோ வெள்ளீயத்துக்குத்தான் பல மடங்கு. சொம்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: காரீயத் தகட்டை அடித்து உருவம் எடுக்கும்போது, செம்பைப் போல நடுநடுவே சூடு காட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். செம்பு அடிக்க அடிக்க இறுகும். காரீயம் அறை வெப்பத்திலேயே உள்ளுக்குள் தன்னைச் சரிசெய்துகொண்டு இளகியே இருக்கும். மரச்சுத்தியே போதும்; இரும்புச் சுத்தி பட்ட இடம் மெலிந்து கிழியும்.

ஆனால் அந்த இளக்கம்தான் பின்னால் வினை. நிற்கும் உருவம் சொந்தக் கனத்திலேயே வருடக்கணக்கில் மெல்ல அமுங்கும், முதலில் கணுக்கால் மடியும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தோட்டச் சிலைகளுக்கு உள்ளே இரும்புக் கம்பி வைத்தார்கள். மழைநீர் இறங்கி, கம்பி துருவேறிப் பருத்து, சிலையை உள்ளிருந்தே பிளந்தது. நீங்கள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வையுங்கள். வார்ப்பதானால் ஆன்டிமணி என்னும் உலோகம் சிறிது கலந்த ஈயம் வாங்குங்கள், விறைப்பு கூடும்.

கேள்வி: வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குச் சால்டர் (பற்றவைக்கும் ஈயக் கலவை) வைக்கும்போது, கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப்பட்டியே உருகி ஓடிவிடுகிறது.

பதில்: சூட்டுக்கோல் அளவுக்கு மீறிக் காய்கிறது. 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் உருகிவிடும், பட்டிக்கு 327 வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் உங்கள் வேலை. முதலில் வேண்டாத பட்டித் துண்டில் வைத்துப் பாருங்கள். சால்டர் பளபளவென்று பரவியதும் கோலை எடுத்துவிட வேண்டும். பட்டியை வெட்டுமுன் ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் குறடால் இழுத்து நெளிவெடுத்தீர்களா?

கேள்வி: மர அலமாரியில் வைத்த ஈய வேலைப்பாட்டின் மேல் வெள்ளைப் பொடி பூக்கிறது. ஊதித் தட்டலாமா?

பதில்: ஊதவே கூடாது, அது விஷம். மரத்திலிருந்து, முக்கியமாக ஓக்கிலிருந்து, கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கிறது. பழைய காலத்தில் வெள்ளை வண்ணப் பொடியை வினிகர் ஆவி காட்டி இப்படித்தான் வேண்டுமென்றே செய்தார்கள்! கையுறை போட்டு ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, கண்ணாடி அல்லது இரும்பு அலமாரிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செரா 1968-இல் உருகிய ஈயத்தைச் சுவரோரம் வீசியே சிற்பம் செய்தாராமே. மொட்டை மாடியில் முயலலாமா?

பதில்: கூடாது. கான்கிரீட்டில் ஒளிந்திருக்கும் ஈரம் நீராவியாகி ஈயத்தை முகத்துக்கே திருப்பி எறியும். ஈரமான அச்சிலும் இதே கதிதான். மேலே மிதக்கும் கசட்டுத் தூளும் குழந்தைகள் நடமாடும் இடத்தில் விழவே கூடாது.