கிளெய்ம் வேலைக்கு வர்ற தம்பிக்கு

தம்பி, சிங்கப்பூர்ல மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனில கிளெய்ம் பிரிவுல வேலை, இ.பி. (வேலை பாஸ்) வந்தாச்சு, சம்பளம் கட்டுப்படியாகுமா, வீடு எங்க பார்க்கலாம், வேலைல என்ன கஷ்டம்னு கேட்டிருந்தீங்க. சம்பளமும் வீடும் சொல்ல ஞாயித்துக்கிழமை நம்மாளுங்க கூடற தேக்கா பக்கம் போனா ஆயிரம் பேர் இருக்காங்க. நானும் 2014ல ஈசூன்ல, சமைக்கவே கூடாதுன்னு சொன்ன ரூம்லதான் ஆரம்பிச்சேன். இப்ப காப்பிக்கடைல சர்க்கரை இல்லாத கடுங்காப்பிக்கு "கோப்பி ஓ கொசோங்"னு சீனத் தாத்தா மாதிரியே சொல்லுவேன்.

கஷ்டத்தைச் சொல்றேன். அதே வேலைய பத்து வருஷம் பார்த்தவன். ஃபைல் பார்க்கத்தான் எடுத்தாங்க. தமிழ் பேசுவேன்னு தெரிஞ்சதும் தமிழ் போன் பூரா என் மேஜைக்கு வந்துச்சு. அதுக்குன்னு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாத் தரல.

ஒரு அம்மா கூப்பிட்டாங்க. வீட்டுக்காரருக்குத் தனியார் ஆஸ்பத்திரில ஸ்டென்ட். பாலிசி எடுக்கறப்ப பிரஷர் மாத்திரைய ஃபாரத்துல எழுதல. அரசாங்க அடிப்படைக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் பங்கு வந்துடுச்சு; குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்) பழைய நோய் இருந்தாலும் அது உண்டு. ஆனா அந்த பில்லுக்கு அது எந்த மூலைக்கு? மேல எடுத்திருந்த தனியார் பாலிசியத்தான் நாங்க தள்ளிட்டோம். "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது"ன்னு எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். "அப்டின்னா கிடைக்குமா தம்பி?"ன்னாங்க. மாத்திரையெல்லாம் எழுத வேணாம்னு சொன்ன ஏஜென்ட் போனையே எடுக்கலையாம்.

2019 ஏப்ரல்லேர்ந்து புது ரைடர் (தனியார் பாலிசி போக மிச்சத்தைக் கட்டற கூடுதல் பாலிசி) எடுத்தா நோயாளியும் பில்லுல குறைஞ்சது 5% கட்டணும்னாங்க. விதி அரசாங்கத்தோடது, திட்டு எனக்கு. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குன்னு மார்தட்டற நம்ம ஐடி ஆளுங்க பாலிசியப் பிரிச்சே பார்த்திருக்க மாட்டாங்க. கப்பல் பட்டறைத் தம்பிங்க அப்படியில்ல. முதலாளி அவங்களுக்கு எடுக்கவேண்டிய குறைஞ்சபட்ச மருத்துவக் காப்பீடு 2023 ஜூலைல 15,000லேர்ந்து 60,000 வெள்ளி ஆனது வரைக்கும் விரல் நுனில வச்சிருப்பாங்க.

பிடிக்கலைன்னு உடனே உதறவும் முடியாது. வேலை போனா பாஸ் ரத்து, அதுக்கப்புறம் பொதுவா 30 நாள்தான் இங்க இருக்கலாம். அடுத்த கம்பெனி புதுசா விண்ணப்பிக்கணும். அதுக்குப் பயந்தே பாதி வருஷம் ஓட்டினேன். கும்பகோணத்துல அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணப்ப என் கம்பெனி பாலிசில அவருக்கு இடமில்ல, கைக்காசுதான்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, போன் எடுக்கறதும் என் வேலையான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. தமிழ் தெரியும்னு முதல் நாளே சொல்லிக்காதீங்க. நான் சொல்லிக்கிட்டேன். பொங்கலுக்கு ஆபீஸ் வாசல்ல கோலம் வேற போட்டேன்.