டிரைவ் ட்ரிப் ஆனால் கவரைக் கழற்றலாமா?

கேள்வி: எங்கள் மில்லில் பெரிய ஃபேன் மோட்டாரின் டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ஸ்டார்ட் செய்ததும் 'ஓவர் கரண்ட்' காட்டி நின்றுவிடுகிறது. மெயினை அணைத்த உடனே கவரைத் திறக்கலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: உடனே திறக்காதீர்கள், தம்பி. 415 வோல்ட் டிரைவுக்குள் டிசி பஸ்ஸில் (ஏசியை டிசியாக மாற்றி வைத்திருக்கும் உள்பகுதி) சுமார் 585 வோல்ட் இருக்கும்; மெயின் போனாலும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிஸ்ப்ளே அணைந்ததை நம்பவே கூடாது. ஐசொலேட்டரை (மெயினைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் போடுங்கள். டிரைவில் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்ட காத்திருப்பு நேரம் முழுவதும் காத்திருந்து, பிறகு கவரைத் திறந்து, பஸ்ஸின் ப்ளஸ், மைனஸ் முனைகளில் மீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யமா? சரி, இப்போது மோட்டார் வயர்களைக் கழற்றுங்கள். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைப்பது மோட்டார் பக்கம் மட்டும்தான். டிரைவ் பக்கம் வைத்தால் ஐஜிபிடி (டிரைவுக்குள் கரண்டை ஸ்விட்ச் செய்யும் பாகம்) போய்விடும், அப்புறம் செலவு உங்கள் தலையில். இன்சுலேஷன் நன்றாக இருந்தால் ஷாஃப்டைக் கையால் சுற்றி, பேரிங் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஃபேனுக்கு ஆக்சிலரேஷன் (முழு வேகத்துக்கு ஏறும் நேரம்) 5 விநாடி வைத்திருப்பார்கள்; அவ்வளவு சீக்கிரம் ஏற்றினால் கரண்ட் கூடி ட்ரிப் ஆகும். 30 ஆக்கிப் பாருங்கள்.