மண்மேட்டுல ஓடை, கரை அரிப்பு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நான் காட்டுமன்னார்கோயில் பக்கம். வாய்க்கால் வேலையில முப்பது வருஷம், அதுல கடைசி பதினோரு வருஷம் சுரங்கம் தோண்டி மூடின மண்ணு மேல ஓடை அமைக்கிற வேலை. ஐப்பசி மழைக்கு முன்னாடி நிறைய பேர் கேக்குறாங்க, அதான் இன்னைக்கு உக்காந்துட்டேன். நஷ்டஈடு, பட்டா விவகாரம் மட்டும் வேண்டாம், அது எனக்குத் தெரியாது.

சேத்தியாத்தோப்பு தம்பி: அண்ணா, சுரங்க மண்மேட்டுத் தண்ணி இறங்குறதுக்கு சப் கான்ட்ராக்ட்ல ஓடை வெட்டினோம். ஒரே மழை, நடுவுல நாலடி பள்ளம். மேல இருந்து கல்லு கொட்டி மூடிட்டு வரலாமா?

முதல்ல கல்லு லாரியை நிறுத்து தம்பி. பள்ளம் மேல இருந்து கீழ வெட்டிட்டுப் போகுதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கீழ எங்கயோ ஓர் எடத்துல தண்ணி ரெண்டடி குதிச்சு விழும், விழுற எடத்துல அடிமண்ணு கரையும், மேல்மண்ணு இடிஞ்சு விழும், அப்படியே அந்தக் குதி மேல் பக்கமா ஏறி ஏறி வரும். நீ மேல கல்லு போட்டா அடுத்த மழையில கல்லுக்கு அடியில மண்ணு போயி கல்லும் சேர்ந்து உள்ள உக்காரும். உன் ஓடை பழைய ஓடையில சேர்ற எடத்துக்குப் போ, ரெண்டு தரையும் ஒரே மட்டமா இருக்கான்னு டியூப் லெவல் (மட்டம் பாக்குற தண்ணிக் குழாய்) வச்சுப் பாரு. கடைசி முனையைக் கட்டாம மேல கை வைக்காத. இதை நான் எல்லாருக்கும் சொல்றேன், திரும்பத் திரும்பவும் சொல்வேன்.

இன்னொன்னு, எவ்வளவு தண்ணின்னு கணக்குப் போட்டீங்களா? 25 ஏக்கர் மேட்டுல ஒரு மணி நேரத்துல 6 செ.மீ. கொட்டுதுன்னு வை, பத்துல ஆறு பங்கு ஓடி வந்தாலே வினாடிக்கு 35 கன அடி. 2015 நவம்பர்ல நெய்வேலியில ஒரே நாள்ல 48 செ.மீ. பேஞ்சுது, ஞாபகம் இருக்கட்டும். அமெரிக்காவுல சுரங்க நிலத்தைச் சீர்படுத்த 1977லயே சட்டம் போட்டாங்க, அதுக்கான விதியில இயற்கையா ஓடுற ஓடையை நிரந்தரமா திருப்பி விட்டா அது 100 வருஷத்துக்கு ஒருக்கா வர்ற 6 மணி நேர மழையைத் தாங்கணும். நம்ம ஆளுங்க போன வருஷ மழையைப் பாத்து அகலம் வைக்கிறாங்க.

மன்னார்குடி: வெட்டிவேர் நட்டா போதுமா சார்?

சரிவுக்கு நல்லது. சம உயரக் கோட்டுல, அரை அடிக்கு ஒரு நாத்து, இடைவெளி விடாம. ஓடைத் தரைக்கு அது மட்டும் போதாது.

கும்பகோணம், சிவில் மாணவர்: ஐயா, ஓடையை நேரா வெட்டினா செலவு கம்மிதானே, ஏன் வளைக்கணும்?

நல்ல கேள்வி தம்பி. தண்ணி தரையை இழுக்கிற பலம் ஆழத்தையும் சரிவையும் பொறுத்தது. ஆயிரத்துக்கு ஒண்ணு சரிவுல ஒரு மீட்டர் ஆழம் ஓடினா ஒரு சதுர மீட்டர் தரையில சுமார் ஒரு கிலோ இழுப்பு. சரிவு ரெண்டு மடங்கானா இழுப்பும் ரெண்டு மடங்கு. மேட்டுக்கும் கீழ ஓடைக்கும் உள்ள உயரம் மாறாது, நீளத்தைக் கூட்டினாதான் சரிவு குறையும், அதுக்குத்தான் வளைவு. இயற்கை ஆத்துல ஒரு முழு வளைவோட நீளம் அகலத்தை மாதிரி பத்துலேர்ந்து பதினாலு மடங்கு வரும், அதுல ஆரம்பி. மேட்டுச் சரிவும் பலகை மாதிரி ஒரே சீரா வேண்டாம். மேல செங்குத்து, கீழ வரவர படுக்கணும்.

திருவாரூர் அக்கா: நிலம் எடுத்தாங்க, பணம் பாதிதான் வந்துச்சு...

வருத்தமாத்தான் இருக்கு அக்கா. நல்ல வக்கீலைப் பாருங்க, நான் தப்பா எதுவும் சொல்லிடக்கூடாது.

பேராவூரணி: வெட்டிவேர் எவ்வளவு நாள்ல பிடிக்கும்? அது போட்டா கல்லு வேண்டாம்தானே?

மேல மன்னார்குடிக்குச் சொன்னதைப் படிங்க.

ஒரத்தநாடு விவசாயி: எல்லாத்துக்கும் கான்கிரீட் போடுறாங்களே, புது ஆத்துல, அதான் கல்லணைக் கால்வாய்ல, போட்டப்ப ஊத்துத் தண்ணி குறையும்னு நாங்க கத்தினோம்.

நாகை இன்ஜினியர்: கான்கிரீட் இல்லாம கடைமடைக்குத் தண்ணி எப்படிங்க போகும்? பாதி வழியிலயே மண்ணு குடிச்சுடும்.

ஒரத்தநாடு விவசாயி: அந்த மண்ணு குடிச்சாதான் எங்க போர்ல தண்ணி.

ரெண்டு பேரும் சொல்றது அவங்கவங்க எடத்துல நெசம், ஆனா மூடின சுரங்க மண்ணுக்கு ரெண்டுமே பொருந்தாது. தோண்டி எடுக்கும்போது மண்ணு உப்பும், திரும்பக் கொட்டினா வருஷக்கணக்கா அமுங்கிட்டே இருக்கும், அதுவும் ஒரு பக்கம் ஓரடி, பத்தடி தள்ளி மூணு விரல்னு ஏறுக்குமாறா அமுங்கும். அதுக்கு மேல கான்கிரீட் போட்டா வெடிக்கும், வெடிப்புல தண்ணி இறங்கும், பலகைக்கு அடியில குகை மாதிரி ஆகும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. நானே ஒரு வேலையில பாத்தேன், காலைல கான்கிரீட்டைத் தட்டினப்ப பானை மாதிரி சத்தம் கேட்டுச்சு, மேஸ்திரி கடப்பாரையை விட்டாரு, முழுசா உள்ள போயிடுச்சு.

அதுக்காக கசிய விடவும் கூடாது நாகை சார் சொல்ற மாதிரி, ஆனா அடைக்க வேண்டியது களிமண்ணால. ரெண்டடி கனம், அரை அடி அரை அடியா போட்டு இறுக்கணும், மேல வேற மண்ணு போட்டு மூடணும், காய விட்டா வெடிச்சுடும். எந்தக் களிமண்ணுன்னு பாக்க ஒரு சோதனை: கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி, போர் தண்ணி வேண்டாம், அதுல இருக்கிற உப்பு ஏமாத்திடும். பட்டாணி அளவு மண்கட்டியை மெல்லப் போட்டுட்டுத் தொடாம பாருங்க. கட்டி உதிர்ந்தா பரவாயில்ல, சுத்தி பால் மாதிரி கலங்கல் பரவினா அந்த மண்ணு தண்ணியில தானாவே கரையுது, ஓடைக்கு ஆகாது, வேற வழியே இல்லன்னா ஜிப்சம் கலந்துதான்.

நாகை இன்ஜினியர்: சரி சார், ஒத்துக்கிறேன். ஆனா டெல்டா வாய்க்கால்...

அது தனி விஷயம், இன்னொரு நாள் பேசுவோம்.

சீர்காழி: கொள்ளிடக் கரை இடிஞ்சு விழுது, வெள்ளம் வடிஞ்ச அப்புறம்தான் விழுது, ஏன்?

வெள்ளம் நிக்கும்போது தண்ணியே கரையை அணைச்சுப் பிடிச்சிருக்கும். சடக்குன்னு வடிஞ்சா ஊறின மண்ணு கனமா, பிடி இல்லாம நிக்கும், சரியும். மணல் அள்ளி ஆத்துத் தரை இறங்கியிருந்தா கரை இன்னும் உயரமாயிடும். வடியுற நாள்ல கரை ஓரம் மாடு கூட கட்டாதீங்க. அடிப்பக்கம் காக்கணும், மேல இல்ல. நீர்வளத்துறைக்கு போட்டோவோட எழுதிக் கொடுங்க.

பட்டுக்கோட்டை: சார் வெட்டிவேர்...

மூணாவது தடவை. மேல இருக்கு, படிங்க.

சேத்தியாத்தோப்பு தம்பி: அண்ணா, போயிப் பாத்தேன். சேர்ற எடத்துல மூணடி குதிக்குது. கரை அடியில வேற லேசா தண்ணி கசியுது.

அதான் பாரு. மூணடியை ஒரே குதியா விடாம ஓரடி ஓரடியா மூணு படி வை, கீழ்ப்படியைக் கட்டிட்டு மேல வா. ஒவ்வொரு படியும் நடுவுல தாழ்ந்து ரெண்டு ஓரமும் உயர்ந்து தாம்பாளம் மாதிரி இருக்கணும், ஓரக்கல்லு கரைக்குள்ள மூணடியாவது புதையணும், இல்லன்னா தண்ணி படியைச் சுத்திப் போயிடும். கல்லுக்கு அடியில ஜல்லி, ஜல்லிக்கு அடியில மணல், இதை விட்டா எல்லாம் வீண். அந்தக் கசிவு தெளிவா இருந்தா பயமில்ல, கலங்கலா இருந்தா உள்ள மண்ணு போகுது, அப்ப படி வேலையை விட்டுட்டு முதல்ல அதைச் சரி பண்ணணும். ஒரு பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் வச்சுப் பாரு, அடியில மண்ணு தங்குதான்னு எனக்குச் சொல்லு, நான் முழிச்சுட்டுதான் இருப்பேன்.