மாத்திரை போட்டால் சோறு இறங்கவில்லையா, தம்பி?

முத்தியால்பேட்டையிலிருந்து பாரிசுக்கு வந்து சில மாதமே ஆன தம்பி கேட்கிறார்: "நார்கோலெப்சிக்கு (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) மோடாஃபினில் போடுகிறேன். பகல் தூக்கம் அடங்கிவிட்டது, கூடவே பசியும் செத்துவிட்டது. வீடியோ காலில் பார்த்து அம்மா அழுகிறார். என்ன செய்ய?"

தம்பி, நானும் புதுச்சேரிதான், எனக்கும் இதே மாத்திரைதான். குளிர், ஊர் ஏக்கம் என்று எதையாவது நினைத்துக் குழம்பாதீர்கள். பசி குறைவது இந்த மருந்தின் பரவலான பக்க விளைவு. போட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம் பிடிக்கும். காலை 7 மணிக்குப் போட்டால், எல்லாரும் கேன்டீனில் தட்டு நிறைய வாங்கி உட்காரும் 12 மணிக்கு உங்களுக்குச் சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்காது. அந்த நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தயிர், சூப், வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது போதும்.

கனமான சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். க்ரோசானும் காபியும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சரி, நமக்கு ஆகாது. மாத்திரையை விழுங்கிய கையோடு உட்கார்ந்து இட்லியோ, முட்டையும் சோறுமோ சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சாப்பாட்டோடு போட்டால் மருந்து வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை தாமதமாகலாம், பலன் குறையாது. காபியைக் குறையுங்கள், அதுவும் சிலருக்குப் பசியை அடக்கும்.

இரவில் கொஞ்சம் பசி எட்டிப் பார்க்கும். அப்போது ஊரிலிருந்து கொண்டுவந்த வடகத்தைத் தாளித்து ஒரு புளிக்குழம்பு வையுங்கள், நாக்கு தானாக ஊறும். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம்.)

வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் தூக்க மையத்து மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அளவைக் குறைக்கவும், காலைக்கும் மதியத்துக்குமாகப் பிரிக்கவும், மருந்தையே மாற்றவும் அவரால் முடியும். பிரெஞ்சு சரியாக வரவில்லை என்று "சா வா" (பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறேன்) என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

"அந்த மாத்திரையே வேண்டாம்பா" என்று அம்மா சொல்வார். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இனி காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். அங்கே பத்தரை, குளிர்காலமானால் பதினொன்றரை ஆகியிருக்கும். நீங்கள் தட்டைக் காலி செய்வதை அவரே பார்க்கட்டும்.