வீட்டுக்குள் வளர்க்க எந்த பெகோனியா வாங்கலாம்? வாங்கியதெல்லாம் அழுகிப்போகிறதே, ஏன்?

தென்காசியில் வாடகை வீடு, கிழக்கே பார்த்த ஒரே ஜன்னல், வண்ண இலைக்காக வளர்க்கும் ரெக்ஸ் பெகோனியா இரண்டு வாங்கி இரண்டும் அழுகிவிட்டன, மூன்றாவதும் இப்போது தொய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது செங்கோட்டை. உங்களுக்கும் எனக்கும் ஒரே சாரல், ஒரே கணவாய்க் காற்று. பதினான்கு வருஷமாக இந்தச் செடியோடு இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இந்தச் செடி காட்டில் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சின்ன வயதில் புனலூர் அத்தை வீட்டுக்கு மீட்டர்கேஜ் ரயிலில் போவோம். பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி மெல்ல ஊர்ந்து போகும். பாதைக்காக வெட்டின பாறை ஜன்னலுக்கு வெகு அருகில் வரும். மழைக்காலத்தில் அந்தப் பாறை முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அதன் பொந்துகளில், ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்த இலையோடும் இளஞ்சிவப்புப் பூவோடும் செடிகள் தொங்கும். அத்தை அதை நாரியம்புளி என்பாள். இலையைக் கடித்தால் புளிக்கும். ஆக்சாலிக் அமிலம்தான் காரணம். 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீடு தொகுப்பித்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற மலபார்த் தாவர நூலிலேயே அந்த மலையாளப் பெயர் இருக்கிறது. பிறகு 1785-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் அதற்கு பெகோனியா மலபாரிகா என்று பெயர் வைத்தார். நாம் கேரளத்து நர்சரியில் காசு கொடுத்து வாங்கும் செடிக்கு நம் மலையிலேயே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். (அதற்காக மலையில் போய்ப் பிடுங்கி வந்துவிடாதீர்கள். அது காப்புக்காடு. தவிர, கீழே கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.)

அந்தப் பாறையை ஒரு நிமிஷம் மனதில் நிறுத்துங்கள். வேருக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி இலைமக்கு. நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது, ஆனால் ஒரு சொட்டும் தேங்குவதில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. வெயில் மரக்கிளைகளில் சலித்துத்தான் கீழே வருகிறது. வீட்டில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காற்று காய்ந்து கிடக்க, வேரைக் குளத்தில் நிறுத்திவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருஷம் ஆடி மாதத்தில் வெள்ளியும் ஊதாவும் கலந்த ரெக்ஸ் நான்கு வாங்கி வந்தேன். காலையில் பூசைக்கு விளக்கேற்றுகிற மாதிரி நேரம் தப்பாமல் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர். வெளியே சாரல், துணிகூட இரண்டு நாளுக்குக் காயாத ஈரம். அந்தக் காற்றில் செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? மூன்று வாரத்தில் நான்கும் அடித்தண்டு கொழகொழத்து விழுந்தன. அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டு சேச்சியிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் தன் திண்ணையில் இருந்த ஒரு தொட்டியை ஒரு கையால் தூக்கி என் கையில் கொடுத்தார். “கனமா இருக்கா மோளே? இருந்தா இன்னைக்கு வேண்டாம். நாளைக்கும் தூக்கிப் பாரு” என்றார். அதற்குப் பிறகு நான் நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றியதே இல்லை. தூக்கிப் பார்ப்பேன். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்து, தொட்டி லேசானால்தான் ஊற்றுவேன். ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுவேன். சாரல் மாதங்களில் சில தொட்டிகளுக்கு எட்டு, பத்து நாள்கூட ஆகும். பங்குனி, சித்திரையில் ஒன்றுவிட்டு ஒரு நாள்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. பெகோனியாவில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மனிதர்கள் கலந்து உருவாக்கியவை அதற்கும் மேலே. இலை அழகை மட்டும் பார்த்தால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். இலையை விலக்கி, தண்டு எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை அந்தத் தண்டே சொல்லிவிடும்.

இஞ்சி மாதிரித் தடித்த தண்டு மண்மேல் படுத்துக் கிடந்தால் அது ரெக்ஸ் கூட்டம். அந்தத் தண்டிலேயே தண்ணீர் சேமிப்பு இருக்கிறது, அதனால் கூடுதல் ஈரத்தில் முதலில் அழுகுவதும் அதுதான். ரெக்ஸின் மூலச் செடி அசாம் பக்கத்து ஈரக்காடுகளில் இருந்து ஐரோப்பாவுக்குப் போனது, 1857-இல் பெயர் பெற்றது. இன்று கடையில் இருப்பவை அதன் கலப்பினங்கள். நிறத்தில் இதை அடிக்க வேறு இலைச்செடி இல்லை என்பது என் எண்ணம். ஆனால் முதல் செடியாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே முப்பத்தைந்து டிகிரி போகும்போது இது வாடி நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

பிரம்பு போல, கணுக் கணுவாக நேரே உயர்ந்தால் அது வேறு ஜாதி. வெள்ளைப் புள்ளி வைத்த நீள இலை, அடியில் அடர் சிவப்பு, கொத்தாகத் தொங்கும் பூ. இப்போது எல்லோரும் படம் போடும் பெகோனியா மாகுலாட்டா இதில்தான் சேரும். பிரேசில் காட்டுச் செடி. உங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பிரம்பு வகையைத்தான். ஒரு நாள் கூடக் குறைய ஆனாலும் தாங்கும், கிழக்கு ஜன்னல் இதற்குப் போதும், நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் துளிர்க்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் தண்டு முறியும். கனமான மண்தொட்டியில் வைத்து, ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

இரண்டாவதாக, வட்ட இலை, மேலே எண்ணெய் தடவினது போலப் பளபளப்பு, அடியில் சிவப்பு உள்ள எரித்ரோஃபில்லா கிடைத்தால் விடாதீர்கள். அதுவும் படுக்கும் தண்டுதான், ஆனால் இலை தடிப்பு, வறண்ட காற்றைப் பொறுத்துக்கொள்ளும். 1845-இல் உருவான கலப்பினம் அது. விதையால் அல்ல, இலையும் தண்டும் கைமாறிக் கைமாறித்தான் இத்தனை வருஷமாகப் பரவியிருக்கிறது. என் தார்சா ஜன்னலில் இருப்பது அந்த முதல் செடியின் ஒரு துண்டுதான் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

ரோஜா போல அடுக்குப் பூ வைத்து, சின்னத் தொட்டியில் மினுமினுத்துக்கொண்டு வருவதை வாங்காதீர்கள். கிழங்கு வகை பெகோனியாவின் மூதாதைகள் பொலிவியா, பெரு பக்கத்து ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்தவை. ஊட்டியில், கொடைக்கானலில் அற்புதமாகப் பூக்கும். தென்காசி அதற்குச் சூடு. பூத்து முடித்ததும் போய்விடும். சிறிய மெழுகு இலை பெகோனியா வெளியே முற்றத்துக்கு நல்லது. வீட்டுக்குள் நெடுநெடுவென்று இளைத்துப்போகும்.

கடையில் நிற்கும்போது இலைகளைத் தூக்கி அடியில் பாருங்கள். காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டினது போல இருந்தால் மாவுப்பூச்சி, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடித்தண்டைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். பெரிய செடியை விட, நாலைந்து இலை உள்ள சின்னச் செடி நம் வீட்டுக்கு எளிதாகப் பழகும். ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் வாங்குவது என் வழக்கம். நர்சரிக் கூடாரத்தின் ஈரத்துக்கும் நம் வீட்டுக் காற்றுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்காது.

உங்கள் இரண்டு செடிகளும் போனதற்கு ஊற்றிய தண்ணீர் மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். நர்சரியில் இருந்து வருபவை பெரும்பாலும் தென்னை நார்த்தூளில் மட்டும் இறுக்கி நட்டவை. மேலே காய்ந்தது போல் தெரியும், நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வேர்க்கட்டியைச் சுற்றி வலைப்பை ஒன்றும் இருக்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, செடியை மெல்லக் கவிழ்த்து எடுத்து அந்த வலையை வெட்டிவிடுங்கள், ஓரத்து நார்த்தூளை உதிர்த்துவிடுங்கள். நான் கலப்பது இரண்டு பங்கு நன்றாக அலசிய தென்னை நார்த்தூள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பொடி இல்லாத ஆற்று மணல், ஒரு கைப்பிடி உடைத்த அடுப்புக்கரி, ஒரு கைப்பிடி மண்புழு உரம். கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது. தொட்டி, வேருக்கு இரண்டு விரல் மட்டுமே அதிகமாக இருக்கட்டும். பெகோனியா வேர் ஆழம் போகாது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். ரெக்ஸுக்கு ஆழமில்லாத அகலச் சட்டிதான் சரி, படுத்த தண்டை மண்ணால் மூடவே கூடாது. வாரச்சந்தையில் கிடைக்கும் மண்சட்டியில் அடித்துளை போட்டுக்கொண்டால் போதும், பீங்கான் தொட்டி வேண்டாம்.

கிழக்கு ஜன்னல் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் மெல்லிய திரை வழியே விழலாம். காம்பு நீண்டு இலை வெளிறினால் வெளிச்சம் போதவில்லை, இலை விளிம்பு பழுப்பாகக் கருகினால் வெயிலோ வறட்சியோ அதிகம். ஈரக்காற்று வேண்டும் என்றதும் பலரும் இலைமேல் தண்ணீர் தெளிப்பார்கள். செய்யாதீர்கள். ரெக்ஸ் இலையின் சொரசொரப்பில் அந்த நீர் தங்கி, புள்ளி விழுந்து அழுகும். அதற்குப் பதில் ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டிகளை நெருக்கி வையுங்கள். மார்கழி, தையில் இலையில் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். அந்த இலையைக் கிள்ளி எறிந்து, காற்றோட்டம் கூட்டுங்கள். மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பதே போதும். உரம் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி. வீட்டில் பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், கடித்தால் வாய் எரியும், வயிற்றைக் கலக்கும்.

இப்போது தொய்ந்து நிற்கும் மூன்றாவது செடிக்கு வருவோம். மண் ஈரமாக இருந்தும் தொய்கிறது என்றால் வேர் போய்விட்டது, இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆனால் நல்ல இலை ஒன்று இருந்தால் போதும், செடி போகவில்லை என்றுதான் அர்த்தம். முற்றாத, ரொம்பப் பிஞ்சாகவும் இல்லாத இலையைப் புதுப் பிளேடால் அரை விரல் காம்போடு வெட்டுங்கள். இலையைக் கவிழ்த்து, நடுநரம்புகள் பிரியும் இடங்களில் நான்கைந்து கீறல் போடுங்கள். அலசிய நார்த்தூளும் மணலும் பாதிப் பாதி கலந்து, கையால் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் ஒரு டப்பாவில் பரப்பி, இலையைக் கீறின பக்கம் கீழே படும்படி வைத்து, தென்னை ஈர்க்குச்சியை வளைத்துக் கொக்கி போல் குத்தி அழுத்துங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கீறின இடத்தில் வேர் இறங்கும். இரண்டு மாதத்துக்குள் ஒவ்வொரு கீறலிலும் சோளப்பொரி அளவில் குட்டி இலை தலைதூக்கும். அந்தக் குட்டிகளுக்கு மூன்று இலை வந்த பிறகு பிரித்து நடுங்கள்.

பிரம்பு வகைக்கு இந்த வழி ஆகாது, இலை வேர் விடும், ஆனால் துளிர் வராது. அதற்கு இரண்டு கணு உள்ள தண்டுத் துண்டு வேண்டும். என்னிடம் புள்ளி வைத்தது ஒன்று ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, இந்தச் சாரல் முடிந்ததும் கிள்ள வேண்டும். செங்கோட்டைப் பக்கம் வந்தால் கருத்துப் பகுதியில் ஒரு வார்த்தை எழுதுங்கள், இரண்டு துண்டு ஈரத்துணியில் சுற்றி எடுத்து வைக்கிறேன்.