ரோபோ வேலியில் கன்வேயருக்கு விடும் திறப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பதாகவும், வேலி போட்டாயிற்று, கன்வேயர் நுழையும் திறப்புக்கு மட்டும் அளவு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். திறப்பின் அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கிருந்து ரோபோவின் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் 75 மில்லிமீட்டர் சதுரக் கண்ணியுள்ள கம்பிவலையை வேலியாகப் போட்டிருந்தார்கள். ரோபோ முழுதாக நீட்டினால் வலைக்கும் அதற்கும் நடுவே 400 மி.மீ.தான். "இதற்குள் தலையா நுழையும் சார்?" என்றார் மேற்பார்வையாளர். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, ரோபோவை முழுதாக நீட்டி நிறுத்தியிருந்த அந்த நிலையில், ஒல்லியான ஒரு பயிற்சித் தொழிலாளியைக் கை நீட்டச் சொன்னேன். தோள் வலையில் முட்டுவதற்கு முன்பே அவர் விரல் பிடிப்பானைத் தொட்டது. மேற்பார்வையாளர் பேசவில்லை. வேலியை நகர்த்த இடமில்லை, பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பாதை. அந்தப் பக்கம் முழுக்கப் பாலிகார்பனேட் பலகை அடித்தோம்.

இதற்கான அட்டவணை ஐஎஸ்ஓ 13857 தரத்தில் இருக்கிறது. சதுரக் கண்ணி 20 மி.மீ.க்கு மேல் 30 வரை என்றால் ஆபத்து 120 மி.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். 40 வரை என்றால் 200. 40ஐத் தாண்டி 120 வரை என்றால் ஒரே தாவலாக 850. கை தோள்வரை போய்விடும் என்பதுதான் கணக்கு. நீள்பிளவு 180 மி.மீ.யைத் தாண்டினால் ஆளே நுழையலாம். வேலியின் அடியில் விடும் இடைவெளியும் அப்படி ஒரு பிளவுதான். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் கன்வேயர் திறப்பில் அட்டைப்பெட்டி போகிறதென்றால், கை தாராளமாகப் போகும். கம்பிவலைக் கணக்கு அங்கே உதவாது. பெட்டியைவிடச் சற்றே பெரிய சுரங்கம்போல் மூடியை நீட்டிக் கை எட்டாமல் செய்யலாம். பெட்டி பெரிதாகி ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஆகிவிட்டால் அதுவும் போதாது. அப்போது லைட் கர்ட்டன், அதாவது யாராவது குறுக்கிட்டால் ரோபோவை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரை, வைத்து, பெட்டி கடக்கும்போது மட்டும் அதை மியூட் செய்ய, அதாவது தற்காலிகமாகச் செயல்படாமல் வைக்க வேண்டும். மியூட்டிங் சென்சார்கள் பெட்டியையும் மனிதனையும் பிரித்தறியும்படி அமைய வேண்டும். சென்சார்மேல் துணியைத் தொங்கவிட்டு ஏமாற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

லைட் கர்ட்டனை எங்கே நிறுத்துவது என்பது ரோபோ நிற்க ஆகும் நேரத்தைப் பொறுத்தது. கை வரும் வேகம் நொடிக்கு 1600 மி.மீ. என்று கொண்டால், நிற்க அரை நொடி ஆகும் ரோபோவுக்கு 14 மி.மீ. தடிமனுள்ள பொருளையும் கண்டுபிடிக்கும் நுணுக்கமுள்ள கர்ட்டன்கூட 800 மி.மீ. தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த அரை நொடியை விளம்பரத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். முழு எடையைத் தூக்க வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, உங்கள் பட்டறையிலேயே அளந்து பாருங்கள். பிரேக் தேயத் தேய அந்த நேரம் கூடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை மறுபடியும் அளக்க வேண்டும்.